வைரஸுக்கு மாத்திரை உண்டா? கல்லாவுக்கு இந்தப் பக்கமிருந்து சில பதில்கள்

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் மருந்துக்கடை வைத்து இருபது வருஷம் ஆகப்போகிறது. ஊரில் யாரும் மருந்துக்கடை என்பதில்லை, ‘மெடிக்கல்’தான். “ஏனுங்க தம்பி, காச்சலுக்கு ரெண்டு வேளைக்கு மாத்திரை குடுங்க” என்பது தினமும் கேட்கிற வசனம். அதற்கு அடுத்தபடி, “வைரஸ் காச்சல்னு டாக்டர் சொன்னாருங்க, வைரஸுக்கு ஒண்ணும் எழுதலீங்களே?” என்பது. கடையில் கூட்டம் நிற்கும்போது அரை நிமிடத்தில் பதில் சொல்லி முடிகிற கேள்வி இல்லை அது. அதனால் இங்கே எழுதிவைக்கிறேன். நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. கீழே வரும் அளவுகள் விஷயம் புரிவதற்காக. அதைப் பார்த்து யாரும் மாத்திரை வாங்கக் கிளம்ப வேண்டாம்.

டாக்டர் வைரஸ் காய்ச்சல் என்றார். ஆனால் பாராசிட்டமால் மட்டும்தான் எழுதியிருக்கிறார். ஏன்?

பெரும்பாலான வைரஸ் காய்ச்சலுக்கு மருந்து கிடையாது என்பதால். சளிக்கு இல்லை. டெங்குவுக்கு இல்லை. சிக்குன்குனியாவுக்கு இல்லை. குழந்தைகளுக்குக் கையிலும் காலிலும் வாயிலும் கொப்புளம் வருகிறதே, அதற்கும் இல்லை. உடம்பே சண்டை போட்டு முடித்துக்கொள்ளும். அதுவரை காய்ச்சலைத் தணிப்பதும் தண்ணீர்ச் சத்து குறையாமல் பார்ப்பதும்தான் வைத்தியம். ஒன்றுமே செய்யாத டாக்டர் என்று அவரைத் திட்டாதீர்கள். டெங்குவாக இருக்கலாம் என்கிற காய்ச்சலில் உடம்பு வலிக்கு டைக்ளோஃபெனாக், இபுபுரோஃபென், ஆஸ்பிரின் என்று கேட்டு வாங்கிப் போட்டால் ரத்தக்கசிவு ஆபத்து கூடும். சில நேரங்களில் எழுதாமல் விட்டதுதான் நல்ல சீட்டு.

அப்படியானால் ஒரு ஆன்டிபயாடிக்காவது போட்டுவைக்கலாமே?

கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோவில் என்றே பெயர் உள்ள கோவில்கள் இருக்கின்றன. போன நூற்றாண்டின் தொடக்கத்தில் பிளேக் ஊரைக் காலி செய்த நாட்களின் ஞாபகம் அது. அன்று ஆத்தாவைத் தவிர வேறு கதி இல்லை. இன்று பிளேக் வந்தால் ஆன்டிபயாடிக் கேட்கும், ஏனென்றால் பிளேக் பாக்டீரியா. பாக்டீரியா தனக்கென்று சுவர், தனக்கென்று சமையலறை எல்லாம் உள்ள தனிக் குடித்தனம். ஆன்டிபயாடிக் அந்தச் சுவரை இடிக்கும், அல்லது அந்த அடுப்பை அணைக்கும். வைரஸுக்குச் சுவரும் இல்லை, அடுப்பும் இல்லை. நம் வீட்டில் புகுந்து நம் அடுப்பில் சமைத்துச் சாப்பிடுகிற சாதி அது. இல்லாத சுவரை எதை வைத்து இடிப்பது? வைரஸ் காய்ச்சலுக்கு அசித்ரோமைசின் மூன்று நாள் போட்டுச் சரியானவர்கள், அது இல்லாமலேயே அந்த மூன்று நாளில் சரியாகியிருப்பார்கள்.

சரி, வைரஸ் மருந்து வைரஸை எப்படிக் கொல்கிறது?

கொல்வதில்லை. இதை மட்டும் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

சென்னிமலைப் பக்கம் ஜக்கார்டு தறியைப் பார்த்திருப்பீர்கள். மேலே துளை போட்ட டிசைன் அட்டைகள் கோத்துத் தொங்கும். அந்த அட்டை தானாக ஒரு அங்குலம் துணிகூட நெய்யாது. தறியில் மாட்டினால்தான் அதன் பூ துணியில் விழும். வைரஸ் அப்படி ஒரு அட்டை. செல்லுக்குள் புகுந்து நம்முடைய அட்டையைக் கழற்றிவிட்டுத் தன்னை மாட்டிக்கொள்கிறது. நம் தறி, நம் நூல், நம் கரண்ட், ஆனால் நெய்வது அதன் துணி. அட்டையைக் கொல்ல முடியாது. தறியை உடைத்தால் நஷ்டம் நமக்கு. ஆகவே தறி கெடாமல் அந்தத் துணியை மட்டும் நிறுத்த வழி பார்க்க வேண்டும். வைரஸ் மருந்துகள் எல்லாமே இந்தச் சூழ்ச்சியின் வகைகள்தான்.

இதில் எனக்குப் பிடித்தது அக்கிக்கும் சின்னம்மைக்கும் கொடுக்கிற அசைக்ளோவிர். பாவு பிணைக்கும்போது ஒரு நூலின் முனையை அடுத்த நூலின் முனையோடு முறுக்கிச் சேர்ப்பார்கள். அசைக்ளோவிர் ஒரு பக்கம் மட்டுமே முனை உள்ள நூல். பார்க்க அசல் நூல் மாதிரியே இருக்கும், வைரஸும் நம்பிச் சேர்த்துக்கொள்ளும், ஆனால் அதற்கு மேல் அடுத்ததைப் பிணைக்க முடியாது. வேலை அங்கேயே நின்றுவிடும். அப்படியென்றால் நம் சொந்தத் துணியும் நின்றுபோகாதா? அங்கேதான் கெட்டிக்காரத்தனம். நூலைத் தறியில் ஏற்றுவதற்கு முன் கஞ்சி போட வேண்டும் அல்லவா? இந்த நூலுக்கு முதல் கஞ்சி போடுகிற ஆள் வைரஸ் தன்னோடு கூட்டிவந்த ஆள். வைரஸ் புகாத செல்லில் அந்த ஆள் இல்லை, அதனால் மருந்து அங்கே சும்மா கிடந்துவிட்டுச் சிறுநீரில் போய்விடும். அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியனின் ஆய்வுக்கூடம் இந்த நுட்பத்தை விளக்கியது. முனைவர் பட்டம் படிக்க வாய்க்காதவர் அவர். மருந்து உருவாக்கத்தில் செய்த வேலைகளுக்காக 1988-இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்.

வேறு வகைகளும் உண்டு. சில வைரஸ்கள் துண்டுத் துணியை வெட்டாமல் ஒரே சுருளாக நெய்து, அப்புறம் கத்தரித்துப் பிரிக்கும். எச்ஐவிக்கும் கொரோனாவுக்கும் உள்ள சில மருந்துகள் அந்தக் கத்தரிக்கோலை மழுங்கடிப்பவை. ஃப்ளூ மருந்து இன்னும் கடைசியில் நிற்கிறது: நெய்து முடித்த சரக்கு கேட்டைத் தாண்டி வெளியே போகாமல் பிடித்துக்கொள்வது.

இப்போது ஒன்று கவனியுங்கள். நெய்வதை நிறுத்துகிற மருந்து ஏற்கெனவே நெய்து வெளியே போன துணியைத் திரும்பக் கொண்டுவராது. அதனால்தான் இந்த மருந்துகளில் எது என்பதைவிட எப்போது என்பது பெரிய கேள்வி.

அக்கிக்கு மாத்திரை உண்டா? காவி எழுதினால் போதாதா?

உண்டு. இந்தக் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் நீளமாகப் பதில் சொல்கிறேன், சொந்தக் கடன் இருக்கிறது.

நான் பார்மசி படித்துக்கொண்டிருந்தபோது அப்புச்சிக்கு (அம்மாவின் அப்பா) வலது விலாவில் எரிச்சல் என்று ஊரிலிருந்து போன் வந்தது. மஞ்சள் காட்டில் களை எடுத்துவிட்டு வந்தவர். “பூச்சி ஏதாவது கடிச்சிருக்கும், கலமைன் தடவுங்க” என்று சொல்லிவிட்டேன். இரண்டு நாள் கழித்து முதுகிலிருந்து மார்பு வரை பாதி அரைஞாண் கட்டின மாதிரி கொப்புளம். அமுச்சி (பாட்டி) பக்கத்து ஊர்க் குயவரிடம் கூட்டிப்போய் அக்கி எழுதிக்கொண்டு வந்தார். நான் சனிக்கிழமை போய்ப் பார்த்தபோது காவி காய்ந்து வெடித்து, அதன் அடியில் கொப்புளங்கள் திராட்சைக் குலை மாதிரி இருந்தன. கொப்புளம் வந்து ஆறாம் நாள். அன்றே டாக்டரிடம் போனோம். “முன்னாடியே வந்திருக்கலாமே” என்றார் அவர். புண் ஆறிவிட்டது. வலி ஆறவில்லை. ஒன்றரை வருஷம் சட்டை படுவதையே தாங்க மாட்டார். துண்டை இடது தோளில் மட்டும் போட்டுக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார்.

அக்கி என்பது சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ்தான். அம்மை இறங்கின பிறகும் அது நரம்பு வேரில் தூங்கிக்கொண்டிருக்கும். வயதாகி எதிர்ப்புச் சக்தி தளரும்போது ஒரு நரம்பின் வழியே எழுந்து வரும். அதனால்தான் ஒரு பக்கத்தோடு நிற்கிறது. கொப்புளம் தெரிந்த 72 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் 800 மி.கி. ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாள் என்பது வழக்கமான சீட்டு. புண் சீக்கிரம் ஆறும், அந்தச் சமயத்து வலி குறையும். பின்னால் தங்குகிற நரம்பு வலியை அறவே தடுத்துவிடும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனாலும் அந்த மூன்று நாளை அப்புச்சிக்கு நான் கொடுத்திருக்க வேண்டும்.

காவி குளிர்ச்சியாக இருக்கும், எழுதுகிறவர் அன்போடு எழுதுவார், எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை. முதலில் மாத்திரையை ஆரம்பியுங்கள். பிடிவாதமாக எழுதத்தான் வேண்டுமென்றால், உடையாத தோலில், சுத்தமான காவியாக இருக்கட்டும். நெற்றியிலோ மூக்கு நுனியிலோ கொப்புளம் வந்தால் மட்டும் எதற்கும் காத்திருக்காமல் அன்றே கண் டாக்டரைப் பாருங்கள், பார்வை போகும் அபாயம் அது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அக்கி தடுப்பூசி இப்போது இந்தியாவிலும் கிடைக்கிறது, இரண்டு தவணை. விலைதான் கொஞ்சம் மிரட்டும்.

ஐந்து வேளையா? மறந்துபோகாதா?

போகும். அசைக்ளோவிரில் வாய்வழி போட்டதில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சரியாக ரத்தத்தில் சேராது, சேர்ந்ததும் சில மணி நேரத்தில் சிறுநீரில் போய்விடும். அதனால்தான் விழித்திருக்கும் நேரமெல்லாம் நாலு மணிக்கு ஒரு தடவை. காலை ஆறு, பத்து, இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து என்று நான் அட்டையின் மேலேயே பேனாவில் எழுதிக் கொடுப்பேன். அதைச் சமாளிக்க முடியாதவர்களுக்கு வாலசைக்ளோவிர் இருக்கிறது. உள்ளே போய் அசைக்ளோவிராகவே மாறும், மூன்று வேளை போதும்.

பக்கவிளைவு என்று பார்த்தால் வயிற்றைப் புரட்டும், தலை வலிக்கும், சிலருக்கு வயிற்றுப்போக்கு. இதெல்லாம் பெரிதில்லை. பயப்பட வேண்டியது சிறுநீரகத்தை. தண்ணீர் குறைவாகக் குடித்தால் மருந்து அங்கே பொடிப்பொடியாகப் படிந்து அடைக்கும். சித்திரை வெயிலில் காட்டு வேலை செய்கிறவர் தண்ணீர் குடிக்காமல் இதைப் போடக் கூடாது. ஏற்கெனவே சர்க்கரையால் சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அளவைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் மருந்து உடம்பில் தேங்கி, பெரியவர் சம்பந்தமில்லாமல் பேசுவார், இல்லாத ஆளைப் பார்ப்பதாகச் சொல்வார். வீட்டில் காத்துக்கருப்பு என்பார்கள். மாத்திரை அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

வீட்டில் சின்னம்மை போட்டிருக்கிறது. மாத்திரை கொடுத்தால் தெய்வக் குற்றம் ஆகாதா?

பண்ணாரிக்கு வருஷா வருஷம் குண்டம் மிதிக்கப் போகிற குடும்பம்தான் எங்களுடையதும். வாசலில் வேப்பிலை செருகுவது, தனியாகப் படுக்கவைப்பது, விருந்தாளி வராமல் பார்ப்பது எல்லாம் நல்ல பழக்கம், வேப்பிலையே ஊருக்கு ஒரு அறிவிப்புப் பலகை. அதில் மாத்திரைக்கு மட்டும் ஏன் இடமில்லை என்று எனக்குப் புரிந்ததில்லை.

ஆனால் எல்லோருக்கும் மாத்திரை தேவையும் இல்லை. ஆரோக்கியமான சின்னப் பிள்ளைகள் தாங்களாகவே தேறிவிடுவார்கள். பெரியவர்களுக்கும், வளர்ந்த பிள்ளைகளுக்கும், கர்ப்பிணிகளுக்கும், ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும், ஆஸ்துமா போன்ற நுரையீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் அம்மை முரட்டுத்தனமாக வரலாம். அவர்களுக்கு முத்து தெரிந்த 24 மணி நேரத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்குவது நல்லது. மூன்றாம் தண்ணி ஊற்றியபிறகு வந்து கேட்டால் நான் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அம்மை போட்ட பிள்ளைக்கு ஆஸ்பிரின் கூடவே கூடாது, மூளையையும் ஈரலையும் தாக்கும் ஒரு அபூர்வ நோய்க்கு அது வழிவிடும்.

ஃப்ளூவுக்கு மாத்திரை இருக்கிறதாமே? அன்னாசிப்பூவில் செய்வதாம்?

ஒசெல்டாமிவிர். டாமிஃப்ளூ என்ற பெயரில் 2009-இல் பன்றிக் காய்ச்சல் வந்தபோது எல்லோர் வாயிலும் இருந்தது. அதைத் தயாரிக்கத் தேவையான ஷிகிமிக் அமிலத்தைச் சீனத்து அன்னாசிப்பூவிலிருந்து எடுத்தார்கள், உண்மைதான். பறவைக் காய்ச்சல் பயத்தில் எல்லா நாடும் இதை வாங்கிக் குவித்தபோது அன்னாசிப்பூவுக்கே தட்டுப்பாடு வந்தது. ஆனால் அந்த அமிலம் பல ரசாயனப் படிகளைத் தாண்டித்தான் மருந்தாகிறது. பிரியாணியில் இரண்டு பூ கூடப் போட்டால் ஃப்ளூ போகாது. (பள்ளிபாளையம் சிக்கனில் அதற்கு வேலையே இல்லை.)

பெரியவர்களுக்கு 75 மி.கி., இரண்டு வேளை, ஐந்து நாள். முதல் 48 மணி நேரத்தில் ஆரம்பித்தால் காய்ச்சல் ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாகப் போகும். “அவ்வளவுதானுங்களா?” என்று கேட்பார்கள். திடகாத்திரமானவருக்கு அவ்வளவுதான். கர்ப்பிணிக்கும், முதியவருக்கும், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு ஆனவருக்கும் டாக்டர்கள் காலம் தாழ்த்தாமல் கொடுக்கிறார்கள். வாந்தி வரும். சாப்பிட்டுவிட்டுப் போட்டால் குறையும். சீட்டில்லாமல் கேட்காதீர்கள், தர மாட்டேன்.

கொரோனா சமயத்தில் ரெம்டெசிவிருக்கு அலைந்தோமே, அது வேலை செய்ததா இல்லையா?

2021 மே மாதம் கோவையில் வரிசை நின்றது. என் கடைக்கே நள்ளிரவில் போன் வரும், “எங்கயாவது சொல்லி ஒரு பாட்டில் மருந்து வாங்கிக் குடுங்க, எவ்வளவானாலும் பரவாயில்லை” என்று. நகையை அடகு வைத்து வாங்கினவர்கள் உண்டு.

2020 நவம்பரிலேயே உலக சுகாதார நிறுவனம், மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொல்லியிருந்தது. பிற்பாடு வந்த ஆய்வுகளைப் பார்த்து அந்தப் பரிந்துரையை மாற்றிக்கொண்டது. அப்படி வந்த ஒரு ஆய்வில், நோய் முற்றும் ஆபத்துள்ளவர்களுக்கு அறிகுறி தொடங்கிய ஏழு நாளுக்குள் மூன்று நாள் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். மருத்துவமனையில் சேர வேண்டிய நிலை 87 சதவீதம் குறைந்தது. மருந்து ஒன்றுதான், நாள்தான் வேறு. நுரையீரல் கெட்டு ஆக்சிஜன் இறங்குகிற கட்டத்தில் பெரும் சேதத்தைச் செய்வது வைரஸைவிட நம் உடம்பின் சொந்த வீக்கம். அங்கே உயிர் காத்தது டெக்சாமெத்தசோன், சில ரூபாய் மருந்து. அதற்கு யாரும் வரிசையில் நிற்கவில்லை.

ஃபாவிபிராவிரும் அப்போது அட்டை அட்டையாகப் போனது. குறிப்பிடும்படியான பலன் நிரூபிக்கப்படவில்லை. நானும் சீட்டைப் பார்த்து விற்றவன்தான்.

எச்ஐவிக்கு மருந்து உண்டு என்கிறார்கள், பிறகு ஏன் ஆயுளுக்கும் போட வேண்டும்?

அந்த வைரஸ் தன் அட்டையை நம் மரபணுவுக்குள்ளேயே கோத்துவிடுகிறது. சில செல்களில் அது வருஷக்கணக்கில் அசையாமல் கிடக்கும். மருந்து ஓடுகிற தறியைத்தான் நிறுத்தும், ஓடாத தறியை ஒன்றும் செய்யாது. மாத்திரையை நிறுத்திய சில வாரங்களில் அது திரும்ப ஓட ஆரம்பிக்கும்.

இந்தியாவில் எச்ஐவியை முதலில் கண்டுபிடித்தது 1986-இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழு. அதற்குப் பிறகு லாரிகளின் ஊரான நாமக்கல் பட்ட பாடு நம் பக்கத்துக்காரர்களுக்குத் தெரியும். கிளீனர் பையன்கள் முதல் முதலாளி வரை எத்தனை வீடுகள். முதல் மருந்து ஜிடோவுடின் 1987-இல் வந்தது, ரத்தசோகையைக் கொண்டுவரும், தனியாகக் கொடுத்தால் வைரஸ் சீக்கிரமே பழகிவிடும். மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுக்கலாம் என்று தெரிந்தபோது வருஷத்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் ஆனது. 2001-இல் சிப்லா அதை 350 டாலருக்குத் தருவதாகச் சொல்லி உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்தது. 2004 ஏப்ரல் 1 முதல் நம் அரசே இலவசமாகக் கொடுக்கிறது. இப்போது பெரும்பாலானவர்களுக்கு டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் ஒரே மாத்திரையில், தினம் ஒன்று.

ஒழுங்காகப் போட்டு, ரத்தத்தில் வைரஸ் தென்படாத அளவுக்கு இறங்கி அப்படியே நீடித்தால், உடலுறவு வழியாகத் துணைக்குப் பரவாது. இதை நான் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருக்கிறது, முதல் தடவை யாரும் நம்புவதில்லை. டோலுடெக்ராவிரால் சிலருக்குத் தூக்கம் கெடும், எடை கூடும். டெனோஃபோவிருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் அவ்வப்போது பார்க்க வேண்டும். அப்புறம் ஒன்று: சத்து மாத்திரை, கால்சியம், இரும்பு இவற்றை வெறும் வயிற்றில் டோலுடெக்ராவிரோடு சேர்த்துப் போட்டாலோ, அலுமினியம், மெக்னீசியம் உள்ள அல்சர் மருந்தை எப்படிச் சேர்த்துப் போட்டாலோ, மருந்து உடம்பில் சரியாக ஏறாது. எவ்வளவு இடைவெளி என்று மருந்து தருகிற மையத்தில் கேளுங்கள். பரிசோதனைக்கு அரசு மருத்துவமனையில் ‘நம்பிக்கை மையம்’ இருக்கிறது, பெயர் வெளியே போகாது. 1097 என்ற எண்ணிலும் கேட்கலாம். ஆபத்தான தொடர்போ ஊசிக் குத்தோ நடந்துவிட்டால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் சில மணி நேரத்திலேயே, தடுப்பு மாத்திரை தொடங்க வேண்டும்.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி போதும்தானே?

எந்தக் காமாலை என்பதைப் பொறுத்தது. கெட்ட தண்ணீரில் வருகிற ஏ வகையும் இ வகையும் பெரும்பாலும் தானாகவே போய்விடும், வைரஸ் மருந்து தேவைப்படாது. அந்த மூன்று நாலு வாரத்தில் யார் எதைக் கொடுத்தாலும் அவருக்குக் கைராசி. கர்ப்பிணிக்கு இ வகை வந்தால் மட்டும் உயிர் விஷயம், வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

பி வகையும் சி வகையும் வேறு கதை. ஈரலில் ஒளிந்திருந்து பல வருஷம் கழித்து அதைச் சுருக்கும். சி வகைக்கு 2013 கடைசியில் வந்த சோஃபோஸ்புவிர் அமெரிக்காவில் ஒரு மாத்திரை 1,000 டாலர், பன்னிரண்டு வாரத்துக்கு 84,000 டாலர். பிறகு இந்தியக் கம்பெனிகள் உரிமம் வாங்கிச் செய்ய ஆரம்பித்ததும் விலை தரைக்கு வந்தது. 2018 ஜூலையிலிருந்து தேசியத் திட்டத்தில் இலவசம். இன்னொரு மருந்தோடு சேர்த்துப் பன்னிரண்டு வாரம் போட்டால் நூற்றில் தொண்ணூற்றைந்து பேருக்குக் குணம். ஒரு வைரஸை உடம்பிலிருந்து வேரோடு அகற்றுகிற மாத்திரை என்று நான் கை காட்ட முடிவது இதை மட்டும்தான். பி வகைக்கு அப்படி இல்லை. டெனோஃபோவிரோ என்டெகாவிரோ நீண்ட காலம் போட வேண்டும், “நல்லாத்தான் இருக்கேன்” என்று திடீரென்று நிறுத்தினால் ஈரல் சீறிக்கொண்டு எழும்.

கர்ப்பமாக இருக்கிறேன். இந்த மருந்துகள் ஆகுமா?

அசைக்ளோவிரும் ஒசெல்டாமிவிரும் தேவைப்பட்டால் டாக்டர்கள் தயங்காமல் கொடுப்பவை. சி வகைக் காமாலைக்குச் சில சமயம் சேர்க்கிற ரிபாவிரின், கொரோனா சமயத்து ஃபாவிபிராவிர் இரண்டும் கூடவே கூடாது, கரு சிதையலாம், ஊனமாகலாம். ரிபாவிரின் புருஷன் சாப்பிட்டாலும் அதே தடை, நிறுத்தி மாதக்கணக்கில் குழந்தைக்கு முயலக் கூடாது.

நாய்க்கடிக்கு? கோழிக்கு?

வெறிநோய் வந்தபின் எந்த மாத்திரையும் காப்பாற்றாது. கடித்தவுடன் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவுவது, தடுப்பூசி, தோல் கிழிந்து ரத்தம் வந்த கடிக்கு எதிர்ப்புப் புரத மருந்து, இவைதான் வழி. கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் வந்தால் என் கடைக்கு வந்து பயனில்லை, முன்னாடியே தடுப்பூசி போட்டிருக்க வேண்டும்.

போன தடவை வாங்கினதில் ஆறு மாத்திரை மீதி இருக்கிறது. வைத்துக்கொள்ளலாமா?

அக்கி மாத்திரையாக இருந்தால் மீதி இருக்கவே கூடாது. ஏழு நாளுக்கு முப்பத்தைந்து, எண்ணித்தான் கொடுத்தேன். புண் காய்ந்ததும் நிறுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த ஆறையும் பக்கத்து வீட்டு அக்காவின் உதட்டுப் புண்ணுக்குக் கொடுத்துவிடாதீர்கள், அவருக்குச் சிறுநீரகம் எப்படி என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. கடைக்குக் கொண்டுவாருங்கள். காசு திரும்பத் தர முடியாது, ஆனால் எந்த நாளில் எந்த வேளை விட்டுப்போனது என்று உட்கார்ந்து பார்க்கலாம்.